ஏற ஒரு பக்கம், இறங்க ஒரு பக்கம்

அந்த மாலில் வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் அவரை ரவுண்டு சார் என்றுதான் கூப்பிடுவார்கள். உடம்பைப் பார்த்து வைத்த பெயர் இல்லை, ஆள் ஒல்லிக்குச்சி. காலையில் ஷட்டர் தூக்குவதற்கு முன் ஒன்று, தூக்கிய பின் ஒன்று என்று தொடங்கி, ஒரு நாளைக்கு ஏழு முறை நான்கு தளங்களையும் சுற்றி வருவார். கையில் வாக்கி-டாக்கி, இடுப்பில் சாவிக்கொத்து. சாவி சத்தம் கேட்டதும் கடைப் பிள்ளைகள் செல்போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு துணி மடிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

ஒவ்வொரு கடை வாசலிலும் தரையில் ஒரு பித்தளைப் பட்டை பதித்திருக்கும். பட்டைக்கு உள்ளே கடைக்காரர் ராஜ்யம், வெளியே மாலின் ராஜ்யம். துணிக்கடை பொம்மையின் முழங்கை அரை அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் ரவுண்டு சாரின் கண்ணுக்குத் தப்பாது. "கையை உள்ள எடுங்க" என்பார். கடைக்காரரிடம் சொல்கிறாரா, பொம்மையிடம் சொல்கிறாரா என்று சந்தேகம் வரும். பத்து மணிக்கு ஒரு கடை திறக்கவில்லை என்றால் பத்தே காலுக்கு நோட்டீஸ் கையில் இருக்கும். அப்படியும் யாரும் அவரை வெறுக்கவில்லை. குளிர்சாதனம் மக்கர் செய்தால் முதலில் வியர்த்துக்கொண்டு ஓடுகிறவர் அவர்தான் என்று எல்லோருக்கும் தெரியும்.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால், கீழ்த்தள பார்க்கிங்கில் விசில் ஊதிக் கார்களைப் பின்னால் வரச் சொல்லும் ஆளாகத்தான் அங்கே சேர்ந்தார். விசிலிலிருந்து வாக்கி-டாக்கிக்கு அவர் எப்படி வந்தார் என்பது ஒரு கதை. அதை அவர் சொல்லாத குடும்ப விசேஷம் கிடையாது. சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அது மனப்பாடம். அவர் மூச்சு வாங்க நிறுத்தும் இடத்தில் சகலை எடுத்துக் கொடுப்பார்.

கதை இதுதான். மாலின் கிழக்குக் கோடியில் வாசல். அங்கே ஒவ்வொரு தளத்துக்கும் இரண்டு எஸ்கலேட்டர், ஒன்று ஏற, ஒன்று இறங்க. மேற்குக் கோடியிலும் அதேபோல ஒரு ஜோடி. பதினான்கு வருடங்களுக்கு முன்னால் வியாபாரம் படுத்துக் கிடந்தது. வருகிற ஜனம் கிழக்கே ஏறி, வேண்டியதை வாங்கி, அங்கேயே இறங்கிப் போய்விடும். நடுவில் இருந்த கடைகள் ஈ ஓட்டின. முதலாளி பெரிய பெரிய ஆலோசகர்களைக் கூட்டி வைத்துப் பேசிக்கொண்டிருந்தபோது, கார் சாவி கொடுக்கப் போன நம்மாள் வாசலில் நின்றபடி வாயைத் திறந்தார்.

"ஐயா, கிழக்க ரெண்டையும் ஏறுற மாதிரி விட்டுடுங்க. மேற்க ரெண்டையும் எறங்குற மாதிரி விட்டுடுங்க. ஏறினவங்க எறங்கணும்னா அம்புட்டு கடையையும் தாண்டித்தான போகணும்?"

இதற்குச் செலவே இல்லை. எஸ்கலேட்டரின் காலடியில் ஒரு சாவித் துளை இருக்கும். நிறுத்திவிட்டு, சாவியைப் போட்டு எதிர்ப் பக்கம் திருப்பினால் படிகள் எதிர்த் திசையில் ஓடும். ஆலோசகர்கள் வாயைப் பிளந்தார்கள். ஆறே மாதத்தில் நடுக்கடைகள் தலை நிமிர்ந்தன. முதலாளி தோளில் தட்டினார். அடுத்த வருடம் சூப்பர்வைசர், அதற்கப்புறம் மேனேஜர். "சாவியை ஒரு திருப்பு திருப்பினேன், என் தலையெழுத்தே திரும்பிடுச்சு" என்று கதையை முடிப்பார். முடிக்கும்போது அவர் மனைவி எழுந்து போய்த் தண்ணீர் கொண்டு வருவாள். அவர் சொல்லி முடித்தால் தாகம் எடுக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

இப்போது பிரச்சினை மாப்பிள்ளைக் கடையால் வந்தது.

மாலின் மேற்குக் கோடியில், மூன்றாவது தளத்தில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரே கடை. ஊசி நூலிலிருந்து கட்டில் வரை எல்லாம் விற்கும். சதுர அடிக் கணக்கில் பார்த்தால், மாலிலேயே குறைந்த வாடகை கொடுப்பது அந்தப் பெரிய கடைதான். ஆனால் உபசாரம் முழுவதும் அதற்குத்தான். தனி லாரி வழி, தனி பார்க்கிங், வாசலில் பெரிதாகப் பெயர். ஏனென்றால் ஜனம் அதைப் பார்க்க வருகிறது, வருகிற வழியில் சின்னக் கடைகளில் நுழைகிறது. அதனால்தான் ஊழியர்கள் அதற்கு மாப்பிள்ளைக் கடை என்று பெயர் வைத்தார்கள். முறுக்கும் அதற்கேற்றபடி இருக்கும். சின்னக் கடைகளின் ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு: பெரிய கடை கிளம்பிவிட்டால், அவர்களும் பெட்டி கட்டலாம். மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு போனால் பந்தலையே பிரிக்க வேண்டியதுதான்.

அந்தக் கடையின் ஒப்பந்தம் இரண்டு மாதத்தில் முடிகிறது. இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளிப் புது மால் ஒன்று திறந்திருக்கிறது. அங்கிருந்து மாப்பிள்ளைக்கு அழைப்பு வந்திருப்பது ஊருக்கே தெரியும். இருப்பதா, போவதா என்று முடிவு செய்யத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா மூன்று நாள் வந்து உட்காரப் போவதாகக் கடிதம் வந்தது. கடிதத்தைப் படித்ததிலிருந்து ரவுண்டு சாரின் ஏழு சுற்று ஒன்பதாகிவிட்டது. ஐம்பத்தாறு வயது ஆளை இனி எந்த மால் எடுக்கும்? அதைவிட, அந்தக் கட்டடம் அவருக்கு உயிர். எந்தக் குழாய் எங்கே ஒழுகும், எந்த ஓடு காலடியில் சத்தம் போடும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அது இருட்டிக் கிடப்பதை நினைத்தபோது நிஜமாகவே அழுகை வந்தது.

அந்த அம்மா வியாழக்கிழமை வந்தார். சாம்பல் நிறக் கோட்டு, ஒரு ஃபிளாஸ்க், கையில் அமுக்கினால் எண் கூடும் சின்ன மிஷின். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி கேட்டு வாங்கிப் போட்டு உட்கார்ந்தார். பேச்சே இல்லை. டிக், டிக் என்று அமுக்கிக்கொண்டிருந்தார். சாயங்காலம் கேட்டில் பை சோதிக்கும் பெண், ரவுண்டு சாரிடம் ஓடி வந்தாள்.

"சார், அந்தம்மா ஆளை எண்ணல சார். பையை எண்றாங்க."

"என்ன பை?"

"வெளிய போறவங்க கையில கடைப் பை இருந்தாத்தான் அமுக்குறாங்க. சும்மா வந்து சும்மா போறவங்களைக் கண்டுக்கவே மாட்டேங்கிறாங்க. நானும் கூடவே எண்ணினேன். நூறு பேரு போனா ஒம்பது பை, பத்து பை. அவ்வளவுதான்."

அவர் பெருமையாக நினைத்திருந்ததெல்லாம் தலை எண்ணிக்கைதான். வாசலுக்கு மேலே இருக்கும் கருவி மாதாமாதம் லட்சத்தைத் தொடும். அந்தத் தலைகளில் பாதி, வெயிலுக்கு ஒதுங்க வந்த தலைகள் என்பதை அவர் யோசித்ததில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது மனைவியிடம் சொன்னார். அவள் தட்டைத் தள்ளிவிட்டு, இது ஒரு விஷயமா என்பது போலப் பார்த்தாள்.

"பைதான வேணும்? எங்க பக்கத்துல இருபது பேரு, உங்க பக்கத்துல பதினஞ்சு, இருபது. ஆளுக்கொரு பையத் தூக்கிட்டு அந்தம்மா முன்னாடி நடந்து போனா முடிஞ்சு போச்சு."

"அது ஏமாத்து வேலை."

"சரி, அப்ப நேர்மையா வீட்ல உக்காந்திருங்க."

பொம்மையின் முழங்கைக்கே விதி பேசுகிற மனிதர் அன்று சம்மதிக்கவில்லை. வெள்ளிக்கிழமை நூற்றுக்கு ஏழு பை என்று கேட் பெண் வந்து சொன்னதும் சம்மதித்துவிட்டார். அந்த நிமிடமே மனைவியின் அக்கா, குடும்ப வாட்ஸப் குழுவில் களம் இறங்கினாள். கட்டளைகளை ரவுண்டு சாரே எழுதி அனுப்பினார். சனிக்கிழமை மாலை நாலு மணி. கீழ்த்தள பார்க்கிங் வழியாக உள்ளே வந்து, சரக்கு லிஃப்டில் முதல் தளத்துக்கு ஏற வேண்டும். மேற்கே எஸ்கலேட்டரில் இறங்கி, தரைத்தளம் முழுக்க நடந்து, கிழக்கு வாசல் வழியாக வெளியே போக வேண்டும். கையில் கடைப் பை கட்டாயம். ஒருத்தரோடு ஒருத்தர் பேசக்கூடாது. என்னைப் பார்த்தால் தெரியாத மாதிரி போக வேண்டும். போனை ஒலி இல்லாமல் வைக்க வேண்டும்.

இந்தக் கூட்டத்தைப் பற்றி அவருக்கு ஒரே பயம், பேசாமல் இருக்கமாட்டார்கள் என்பதுதான். இரண்டு பேர் சந்தித்தால் மூன்றாவது ஆளின் உடல்நிலையை அரை மணி நேரம் அலசுகிற குடும்பம் அது. அதனால் பேசாதே என்பதை மட்டும் நான்கு முறை எழுதினார். பையைப் பற்றி ஒரு முறைதான் எழுதினார்.

சனிக்கிழமை நாலு மணிக்கு அவர் முதல் தளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்து நின்றார். முதலில் சித்தப்பா வந்தார். மூக்குக்கு நேரே பார்த்து, படையில் நடப்பது போல நடந்தார். அடுத்துப் பத்தடி தள்ளிச் சகலை. அடுத்துச் சகலையின் மருமகள், தன் மாமனாரை வாழ்க்கையில் பார்த்ததே இல்லை என்பது போல முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள். அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. ஜென்மத்தில் முதல் முறையாக இந்தக் குடும்பம் ஒரு வார்த்தையைக் கேட்டிருக்கிறது.

அப்புறம்தான் பையைப் பார்த்தார்.

சித்தப்பா கையில் இருந்தது சிவப்புப் பை. சகலை கையிலும் சிவப்புப் பை, அதுவும் இரண்டு. மருமகள் கையில் சிவப்பு. பின்னால் வந்துகொண்டிருந்த அவர் தங்கை, அவள் பெண், மனைவியின் அக்கா, எல்லோர் கையிலும் பளபளவென்று, கயிற்றுப் பிடி போட்ட கெட்டியான சிவப்புப் பை. அத்தனையிலும் கொட்டை எழுத்தில் அந்தப் புது மாலின் பெயர்.

நம் வீடுகளில் கடைப் பையை யாரும் தூக்கி எறிவதில்லை. சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு பெரிய பை தொங்கும், அதற்குள் எல்லாப் பையும் மடிந்து கிடக்கும். கடைப் பை கொண்டு வா என்றால் இருப்பதிலேயே நல்ல பையாகத்தானே எடுப்பார்கள். கசங்கிய பையைக் கொண்டு போய் வீட்டு மாப்பிள்ளைக்குத் தலைகுனிவு உண்டாக்கவா முடியும்? எல்லா வீட்டிலும் இருந்ததில் நல்ல பை அந்தச் சிவப்புப் பைதான். எல்லா வீட்டிலும் அது இருந்தது என்பதுதான் கொடுமை.

அவர், வரிசையில் வந்துகொண்டிருந்த மனைவிக்குப் போன் போட்டார். ஒலி இல்லாமல் வைக்கச் சொன்னவர் அவர்தான். மேலிருந்து கையை ஆட்டி, திரும்பிப் போ என்று ஜாடை காட்டினார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிரமாதமாகப் போகிறது, இன்னொரு சுற்று வா என்கிறார் போல என்று எடுத்துக்கொண்டு, வாசலைத் தாண்டிப் பார்க்கிங் வழியாக மறுபடியும் உள்ளே வந்தாள். அவளைப் பார்த்து அக்காவும் வந்தாள். அக்கா வந்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? கீழே டிக், டிக், டிக் என்று மிஷின் ஓயவில்லை.

மூன்றாவது சுற்றில் சித்தப்பாவின் பை கிழிந்தது. பை உப்பலாகத் தெரியட்டும் என்று உள்ளே தலையணையைத் திணித்து வைத்திருந்தார். அந்தத் தலையணை அந்த அம்மாவின் காலடியில் போய் விழுந்தது. சித்தப்பா அப்போதும் வாயைத் திறக்கவில்லை. கட்டளை கட்டளைதான். தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேராக வெளியே போனார்.

ஐந்து நிமிடத்தில் வாக்கி-டாக்கி கரகரத்தது. "சார், அந்தம்மா உங்களைக் கூப்பிடுறாங்க."

ரவுண்டு சார் இறங்கி வந்தார். மேற்கே இறங்கி, கிழக்கே அந்த நாற்காலி வரை நடக்க வேண்டியிருந்தது. அன்று அந்தத் தூரம் அவருக்கே நீளமாக இருந்தது.

"உக்காருங்க சார்" என்றார் அந்த அம்மா. உட்கார அங்கே இடம் ஏதும் இல்லை. ஜனம் உட்கார்ந்தால் நடக்காது என்று எல்லா பெஞ்சையும் எடுக்க வைத்தவரே அவர்தான். நின்றார்.

"நாலு மணிக்கு மேல மட்டும் நூத்திப் பதினாலு சிவப்புப் பை. எல்லாம் அந்தப் புது மால் பை. நீலக் கண்ணாடி போட்டவங்க மூணு தடவை போனாங்க. ஒருத்தர் தலையணை வாங்கிட்டு போறாரு, உறை பழசா இருக்கு. யாரு சார் இவங்க எல்லாம்?"

ஒரு பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தார். வரவில்லை. "என் குடும்பம்மா" என்றார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கட்டளைகள், வாட்ஸப், சரக்கு லிஃப்ட், ஒன்றையும் விடவில்லை. காது இரண்டும் சூடாகிவிட்டது. வேலை போச்சு என்பது நிச்சயமாகிவிட்டதால் குரல் நடுங்கவில்லை.

அந்த அம்மா ஃபிளாஸ்க்கைத் திறந்து நிதானமாகக் குடித்தார்.

"நீங்க பண்ணது தப்பு. அது உங்களுக்கே தெரியும். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. உங்க வீட்டு ஆளுங்க எல்லார் கிட்டயும் அங்க வாங்கின பை இருக்கு. இங்க வாங்கின பை ஒண்ணு கூடவா இல்ல? ஏன் இங்க வாங்கறதில்ல?"

இருபத்திரண்டு வருடத்தில் இந்தக் கேள்வியை அவர் யாரிடமும் கேட்டதில்லை. எத்தனை டிகிரி குளிர் வைத்தால் ஜனம் நிற்கும் என்று தெரியும். கழிப்பறையை எந்த மூலையில் வைத்தால் எத்தனை கடையைத் தாண்டுவார்கள் என்று தெரியும். இது தெரியாது.

"எனக்குத் தெரியலைம்மா."

"அவங்களையே கூப்பிடுங்க."

குடும்பம் வந்து சுற்றி நின்றது. ஒருவரும் பேசவில்லை. "இப்ப பேசலாம்" என்று அவர் சொல்ல வேண்டியிருந்தது. அப்படியும் எல்லோரும் அவர் மனைவியைப் பார்த்தார்கள். அவள் தன் காலைப் பார்த்தாள்.

"முட்டி வலிக்குதும்மா" என்றாள் மெதுவாக. "மூணாவது மாடில போய் ஒரு நூல்கண்டு வாங்கணும்னா கிழக்க ஏறி, மேற்க வரைக்கும் நடந்து, எறங்கி, மறுபடி கிழக்க நடக்கணும். அங்க ஏறின எடத்துலயே எறங்கிடலாம்."

மடை திறந்துவிட்டது. மேலே போனபின் கீழே பார்த்ததே நன்றாக இருந்தது என்று தோன்றினால் திரும்பி வர முடியவில்லை என்றாள் தங்கை. உட்கார ஒரு பெஞ்சு உண்டா என்றார் சகலை. லிஃப்ட் எங்கே இருக்கிறது என்றே அன்றுதான் தெரிந்தது என்றாள் மருமகள். "பெரிய கடைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள வாங்கணும்ங்கிற ஆசையே போயிடும்" என்றாள் அக்கா. அந்த வார்த்தையை அந்த அம்மா இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டார். சித்தப்பா தலையணையை மடியில் வைத்துத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, கழிப்பறை விவகாரத்தை விலாவாரியாக எடுத்துரைத்தார்.

 அவர்கள் குறை சொன்ன ஒவ்வொன்றும் ரவுண்டு சார் மூளையில் உதித்தது. எல்லாவற்றுக்கும் மேலே அந்த எஸ்கலேட்டர்.

அந்த அம்மா நோட்டை மூடினார். "நான் கடையைக் காலி பண்றதுன்னு பாதி முடிவோடதான் வந்தேன். வாங்கினவங்களைப் பத்தி எல்லாரும் எனக்குச் சொல்வாங்க. வாங்காதவங்க ஏன் வாங்கலன்னு இதுவரைக்கும் யாரும் வரிசையா நின்னு சொன்னதில்ல" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லாமல் கிளம்பிவிட்டார்.

பத்து நாள் ரவுண்டு சாருக்குத் தூக்கம் இல்லை. பதினோராவது நாள் கடிதம் வந்தது. பெரிய கடை இன்னும் மூன்று வருடம் இருக்கும். நிபந்தனைகள் நான்கு. முதல் நிபந்தனை: இரண்டு கோடியிலும் ஏறவும் இறங்கவும் எஸ்கலேட்டர் ஓட வேண்டும். முதலாளி கடிதத்தை அவரிடம் நீட்டி, "உம்ம ஐடியாவாச்சே, நீரே மாத்திடும்" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, கடைகள் திறப்பதற்கு முன், மனைவியையும் கூட்டிக்கொண்டு மாலுக்கு வந்தார். ஏன் கூட்டி வந்தார் என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை. கிழக்கு எஸ்கலேட்டரை நிறுத்திவிட்டுக் குனிந்தார். சாவியைத் துளையில் வைத்தவருக்குத் திருப்பக் கை வரவில்லை.

"ஏன் சொல்லல நீ?" என்றார் குனிந்தபடியே. "பதினாலு வருஷம். எத்தனை தடவை இந்தக் கதையைச் சொல்லியிருப்பேன். ஒரு தடவையாவது முட்டி வலிக்குதுன்னு சொல்லியிருக்கலாம்ல?"

அவள் நின்றுபோன படியில் உட்கார்ந்து முழங்காலை நீவிவிட்டுக்கொண்டாள்.

"எங்க வீட்டு ஆளுங்க முன்னாடி நீங்க எப்பவும் பின் வரிசையிலதான் உக்காருவீங்க. பார்க்கிங்ல விசில் ஊதினவன்னு யாராவது சொல்லிடுவாங்களோன்னு. அந்தக் கதை சொல்றப்ப மட்டும்தான் முன்னாடி வந்து நிமிந்து உக்காருவீங்க. அதுக்காக நான் எவ்வளவு தூரம் வேணும்னாலும் நடப்பேன்."

அவருக்குக் கண் கலங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை, சாவியில் இருந்த கையை எடுக்க மனமில்லை.

"எந்திரி" என்றார். "நீ உக்காந்திருந்தா ஓட்ட முடியாது."

அவள் கையை நீட்டினாள். அவர் தூக்கிவிட்டார். பிறகு சாவியைத் திருப்பினார்.